அகிலனுக்கு நெஞ்சுவலி இல்லை

ஏங்க,

கத்திரிக்காய்க் குழம்பு அடுப்படியில இருக்கு, சூடு பண்ணிக்குங்க.

சாயங்காலம் சீர்காழியிலேருந்து உங்க பெரியப்பா வர்றாரு. நம்ம அகிலன் நெஞ்சுவலியில போனான்னு அவர்கிட்டயும் சொல்லாதீங்க. நேத்து நாத்து நட வந்த ஆளுங்ககிட்ட நீங்க அப்படிச் சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. மனசு நோவு தாங்காம உயிரை மாய்ச்சுக்கிட்ட பிள்ளை. அவன் திருடினானா, யாரையாவது ஏமாத்தினானா? எதுக்கு மறைக்கணும்? நீங்க பீரோவுக்குள்ள வச்ச அவன் படத்தை எடுத்துக் கூடத்துல மாட்டிட்டேன். கழட்டாதீங்க.

நான் திருவாரூர் போறேன். நம்மள மாதிரி பிள்ளையைப் பறிகொடுத்தவங்க அங்க கூடிப் பேசுறாங்க. போன தடவை அவன் பேரை வாய்விட்டுச் சொன்னேன். அன்னிக்குத்தான் தூங்கினேன்.

கலைமகள்

கோபத்துல எழுதிட்டேன். மோட்டார் கொட்டகையில நின்னு நீங்க அழுவுறது எனக்குத் தெரியும். அடுத்த தடவை நீங்களும் வாங்க. அங்க யாரும் நம்மளக் குத்தம் சொல்றதில்ல.