வெயில் இருக்கும்போது போன் பண்ணு

பங்காருபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் ஹரிபாபுவுக்கு நைனா எழுதுவது. எழுத்து மேலும் கீழுமாகப் போவதைப் பார்த்துப் பயந்துவிடாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை, நானே என் கையால் எழுதுகிற முதல் கடிதம் இது, அதனால்தான் அப்படி இருக்கிறது. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்து கோட்டின்மேல் உட்கார மாட்டேன் என்கிறது, மன்னித்துக்கொள். ஏழுமலையான் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நலம், நீயும் அந்த ஜாம்பியா ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்குத் திருத்தணியிலிருந்து மருமகளாக வந்த வரலட்சுமி சாயங்காலங்களில் எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா. இங்கே பள்ளிக்கூடமும் தெலுங்கு, பஸ் பலகையும் தெலுங்கு, வீட்டில் பேசுவது மட்டும்தான் தமிழ், 'இந்த வயசுல தமிழ் படிச்சிக்கினு எந்த ஆபீஸ்ல போய் உக்காரப் போறே' என்று குவாரியில் கூட வேலை பார்க்கிற இஸ்மாயில் கேலி செய்கிறான். செய்யட்டும். நேற்று டீக்கடையில் பஜ்ஜி சுற்றிக் கொடுத்த தமிழ்ப் பேப்பரை எண்ணெயோடு பிரித்துப் படித்தேன், ஏதோ கல்யாண மண்டபத்தின் விளம்பரம், அதைப் படித்து முடித்ததும் எனக்கே கல்யாணம் ஆனமாதிரி சந்தோஷமாக இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ குவாரிக்குப் போன் பண்ணினாய். உங்கள் சுரங்கத்தில் டீசல் ஜெனரேட்டர்களைக் குறைத்துவிட்டு சோலாரும் பேட்டரியும் வைக்கப் போகிறார்கள், உன்னைப்போன்ற டீசல் மெக்கானிக்குகள் அந்தப் புது வேலைக்கு ஒரு வருடப் பயிற்சிக்குப் போக வேண்டும், பிடிக்காதவர்கள் ஊருக்குத் திரும்பலாம் என்கிறார்கள், 'நான் வந்துடட்டுமா நைனா' என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நீ வருத்தப்பட்டிருப்பாய். முன்பெல்லாம் நீ குவாரிக்குப் பேசினால் என் பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு நீ சொல்வதற்கெல்லாம் சரிப்பா சரிப்பா என்பேன், என்ன சொன்னான் என்று உன் அம்மா கேட்டால் நல்லா இருக்கானாம் என்பேன். இந்த முறை ஜெனரேட்டர் நின்றிருந்தது, உன் குரல் முழுதாகக் கேட்டது. வந்துடட்டுமா என்று கேட்டபோது அது நடுங்கியது. அதைக் கேட்ட பிறகு வெறும் சரிப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எங்கள் கருங்கல் குவாரியிலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது. மலைமேல் கரண்டு கம்பி வராது, டீசல் பீப்பாய் டிராக்டரில் ஏற வேண்டும், மழை வந்தால் டிராக்டர் பாதி வழியில் சேற்றில் நின்றுவிடும், அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆடி மாதம் சித்தூரிலிருந்து லாரியில் சோலார் பலகைகள் வந்தன. திருப்பதியிலிருந்து பிரேமலதா என்று ஒரு இஞ்சினியர் பெண் வந்து அவற்றைச் சரிவில் வரிசையாக நிறுத்தி, ஒரு அறை அளவு இரும்புப் பெட்டிக்குள் பேட்டரிகளை வைத்துப் பூட்டினாள். பழைய ஜெனரேட்டரை எடுக்கவில்லை, வெயில் போதாவிட்டால் அது தானாகக் கிளம்புமாம், போதுமென்றால் தானாக நிற்குமாம். இதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இத்தனை காலம் அதைக் கிளப்பினவனும் நான், நிறுத்தினவனும் நான், இப்போது அது யார் சொல்லிக் கிளம்புகிறது. என் வேலை என்ன என்று மேஸ்திரி நாகபூஷணத்தைக் கேட்டேன், 'பாத்துக்கினு இரு' என்றான், எதைப் பார்ப்பது என்று கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. மேகம் வந்தால் எழுந்து நிற்கிறேன், மேகம் போனால் உட்காருகிறேன்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் முதல் மாலையும் முதல் பூசணிக்காயும் ஜெனரேட்டருக்குத்தான். இந்த வருடம் நாகபூஷணம், 'இனிமே சோறு போடறது இந்தப் பலகைங்கதான்யா, பழசுக்கு எதுக்கு மாலை' என்று பூவையெல்லாம் சரிவுக்குத் தூக்கிப் போகச் சொன்னான். நாங்களும் மனசார ஒவ்வொரு பலகையிலும் சந்தனத்தைக் குழைத்துப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, சாமந்திச் சரங்களைத் தொங்கவிட்டு, வரிசைக்கு வரிசை வாழைமரமும் கட்டினோம். பிரம்மோற்சவம் மாதிரி இருந்தது. விஜயதசமி முடியாமல் பூவைக் கலைக்கக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டோம், சீரியல் விளக்கு வேறு விடிய விடிய எரிந்தது. அதற்கு அடுத்த நாள் வேலைக்கு வந்து பாறை அறுக்கிற மெஷினைப் போட்டதும், மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஜெனரேட்டர் தானாக உறுமிக் கிளம்பியது. எல்லோரும் மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்தோம். இஸ்மாயில்தான் முதலில், 'பாத்தியா பெருசு, மாலை போடலன்னு கோச்சிக்கினு கத்துது உன் ரெண்டாம் சம்சாரம்' என்றான். நாகபூஷணம் சிரிக்கவில்லை, அவன் முகம் வெளுத்துவிட்டது, ஓடிப்போய் பலகையில் கிடந்த மாலை ஒன்றை உருவி ஜெனரேட்டருக்குப் போட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டான். அது நிற்கவில்லை. எனக்கும் பயம்தான், கூடவே அதற்கு ஒரு மாலை கிடைத்ததே என்று கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது.

போன் போட்டதும் பிரேமலதா வந்தாள். சரிவைப் பார்த்தவள் அப்படியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். 'ஏமண்டி, கண்ணு பூரா சந்தனத்த அப்பி வெச்சா அது எப்படி வெயிலப் பாக்கும், மூலையில நிழல் விழுந்தாலே வரிசையே சோர்ந்து போயிடும், பேட்டரியும் காலி' என்றாள். பொட்டு வைக்க ஆசையென்றால் இரும்புக் கால்களில் வைக்கச் சொன்னாள். தண்ணீர் ஊற்றித் துடைத்தோம், மதியத்துக்குமேல் ஜெனரேட்டர் தானாக நின்றது. ஆனால் நிற்கும்வரை கரும்புகை கக்கி, குலுங்கிக் குலுங்கி ஓடியது, சும்மாவே கிடந்ததில் அதற்கும் உடம்பு கெட்டுவிட்டது போலிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவள், 'என் ஆளுங்க பலகை தெரிஞ்சவங்க, இதத் தொட மாட்டாங்க, டீசல் மெக்கானிக்கக் கூப்பிட்டா பேட்டரிப் பெட்டியப் பாத்துட்டு ஓடறான், ரெண்டும் தெரிஞ்ச ஆளு எங்க தேடியும் கிடைக்கல' என்று அலுத்துக்கொண்டாள். எனக்குப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வாயில் வந்துவிட்டது. ரெண்டும் தெரியுமா என்று கேட்டாள். ஒன்று தெரியும் என்றேன்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு சுண்டிவிட்டது. மேற்கொண்டு என்ன எழுதப் போகிறேன் என்று சொன்னதும், 'வர்ற புள்ளைய வராதேன்னு சொல்லத்தான் எழுத்து கத்துக்கினியா' என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ இந்த வாசலில் வந்து நிற்பதை நினைத்தால் உடனே வா என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இப்போது கிளம்பி வந்தால், எந்தப் பலகைகளுக்குப் பயந்து வருகிறாயோ அதே பலகைகள் இங்கேயும் உன் முன்னால் வரிசையாக நிற்கும் ஹரி. அதனால் பயிற்சிக்குப் போ. எனக்குச் சரியாக விளங்காத விஷயத்தில் சொல்கிறேன், ஆனாலும் போ. முதலில் கோணலாகத்தான் வரும், என் எழுத்தும் கோட்டைவிட்டு ஏறி இறங்கித்தான் இத்தனை பக்கம் வந்திருக்கிறது. சற்றுமுன் உன் அம்மா திரும்பி வந்து, 'வருஷம் முடிஞ்ச மறுநாளே பஸ் ஏறணும்னு எழுது' என்றாள். ஜாம்பியாவிலிருந்து பஸ் கிடையாது என்று சொன்னால் மறுபடி சண்டை வரும், அதனால் அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

பேட்டரி இருக்கிற இடத்தில் ஈரக் கையோடு போகாதே, ரப்பர் செருப்பு போட்டுக்கொள், மிளகாய்ப்பொடி தீர்ந்தால் சொல். எங்கே இருந்தாலும் பெருமாள் உனக்கு நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். அடுத்த ஞாயிறும் எழுதுவேன், ஜெனரேட்டருக்கு ஆள் கிடைத்தானா என்று அதில் சொல்கிறேன். நீ பதில் எழுத வேண்டாம், நான் படித்து முடிக்க நாளாகும், போன் பண்ணு. குவாரிக்கே பண்ணு, ஆனால் இங்கே உச்சி வெயில் இருக்கும்போது பண்ணு. உனக்கு அப்போது காலையாம், வரலட்சுமி ஆரஞ்சுப் பழத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டியும் அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஜெனரேட்டர் நின்றிருக்கும். நீ மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

கைநாட்டு வைக்காமல், கையெழுத்தே போட்டு,
உன் நைனா
முனிரத்தினம்