இடது கைத் தழும்பை வலது கையில் எழுதிய பதிவேட்டைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
கெட்டூரா பெட்டிஃபோர்ட், வயது 34,
சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினப் பெண், சிப்பி உடைக்கும் தொழில்,
படகுத்துறைத் தெரு, மார்ஷ்வெல் மாவட்டம், வர்ஜீனியா.

பெறுநர்:
தலைமை நீதிபதி அவர்கள்,
மாவட்ட நீதிமன்றம், மார்ஷ்வெல்.

பொருள்: சுதந்திரக் கறுப்பர் பதிவேட்டில் என் தழும்பு கை மாறி எழுதப்பட்டது – வரும் திங்கட்கிழமையே திருத்தித் தர வேண்டுவது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வீட்டு விருந்துகளுக்கு ஒன்பது குளிர்காலமாகச் சிப்பி உடைத்துக் கொடுப்பவள் நான். ஆகவே என்னைத் தங்களுக்குத் தெரியும். ஆயினும் தெரியாதவரிடம் சொல்வதுபோல் முதலிலிருந்தே சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர் மரக்கடை ஜேபஸ் அண்டர்வுட். எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தாலும், கறுப்பருக்கு எழுத்துக் கற்றுத் தருவதைச் சட்டம் தடுத்திருக்கும்போது, நீதிமன்றத்துக்குப் போகும் காகிதத்தில் அதை ஒப்புக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை.

1. சுதந்திரமான கறுப்பர் ஒவ்வொருவரும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீதிமன்ற எழுத்தர் முன் வந்து நிற்க வேண்டும் என்பதும், அவர் எங்கள் உயரம், நிறம், தழும்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி அதன் நகலைச் சீட்டாகத் தருவார் என்பதும் தாங்கள் அறிந்ததே. அந்தச் சீட்டு இல்லாமல் நான் ஆற்றைக் கடக்க முடியாது. என் கணவர் ஐசம் அக்கரையில் ஒரு புகையிலைப் பண்ணையில் அடிமையாக இருக்கிறார். பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் ஓடமேறிப் போய், ஞாயிறு மாலை திரும்பி வருகிறேன். சட்டம் இதைத் திருமணம் என்று சொல்வதில்லை. நாங்கள் சொல்கிறோம்.

2. கடந்த மே மாதம் சீட்டைப் புதுப்பிக்கப் போனேன். எழுத்தர் திரு. லிட்டில்டன் ரே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் இந்தப் பக்கம் நின்று, இரண்டு கைகளையும் நீட்டினேன். என் இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே நீளமான தழும்பு உண்டு. அவர் எனக்கு எதிரே இருந்ததால் என் இடது கை அவருடைய வலது கைக்கு நேராக இருந்தது. தன் பக்கத்தைப் பார்த்து "வலது" என்று எழுதிவிட்டார். கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுந்து வந்து பார்த்திருந்தால் மூன்று எட்டுதான்.

3. ஜூலை மாதம் ஓடத்துறையில் காவலர் திரு. எம்மட் ஹார்வுட் என்னை நிறுத்திச் சீட்டை வாங்கிப் படித்தார். அவரும் நானும் சிறு வயதில் ஒரே சேற்றில் நண்டு பிடித்தவர்கள். சீட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"ஏய் கெட்டூரா, இதுல வலது கைன்னுல்ல போட்டிருக்கு?"

"ஐயா, எழுதினவரு தப்பா எழுதிட்டாரு. என்னைய உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்மா. இந்தக் காகிதத்துக்கு உன்னைத் தெரியலையே! நான் என்ன பண்ணட்டும்?"

அவர் என்ன செய்தார் என்றால், என்னைச் சிறையில் வைத்தார். ஒன்பது நாள். சிப்பிக் கொட்டகை முதலாளி வந்து சத்தியம் செய்து கொடுத்த பிறகே வெளியே விட்டார்கள். விடும்போது காவலர் ஒன்று சொன்னார்: "இந்தச் சீட்டோட அக்கரைக்கு மட்டும் போயிடாத. அங்க உனக்காகச் சத்தியம் பண்ண ஒரு நாதி கிடையாது. ஓடி வந்த அடிமைன்னு பிடிச்சு ஏலத்துல வித்துடுவாங்க." அவர் பயமுறுத்தச் சொல்லவில்லை. என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

4. மறுநாளே எழுத்தரிடம் போனேன். முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். 1840-ஆம் ஆண்டுப் பதிவில் "இடது" என்று தெளிவாக இருப்பதை அவரே வாசித்துச் சொன்னார். "அத எழுதினவரு செத்துப் போயிட்டாரு, அவர இப்பப் போய்க் கேக்க முடியுமா?" என்றார் திரு. ரே. ஐயா, செத்தவரைக் கேட்க வேண்டாம், உயிரோடு இருக்கும் கையைப் பாருங்கள் என்றேன். "என் புத்தகத்துல அடித்தல் திருத்தல் கிடையாது. இருபது வருஷமா ஒரு அடித்தல் இல்ல, தெரியுமா? அடுத்த தடவ பதிவுக்கு வருவல்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை என்பது மூன்று ஆண்டு கழித்து. அவருடைய புத்தகம் உண்மையிலேயே அழகானதுதான். அந்த அழகுக்காக நான் சிறையிருக்க வேண்டுமா?

5. என் கூற்றுக்கு ஆதாரம் கேட்டால், தொழிலையே ஆதாரமாக வைக்கிறேன். சிப்பி உடைப்பவர் வலது கையில் கத்தியும் இடது கையில் சிப்பியும் பிடிப்பார். கத்தி வழுக்கினால் எந்தக் கையில் இறங்கும்? இந்தத் துறையில் சிப்பி உடைக்கும் நாற்பது பேரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். தழும்பு வலது கையில் இருப்பவர் ஒருவர்தான். அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். நான் எந்தக் கையால் உடைப்பேன் என்பதைத் தாங்களே போன கிறிஸ்துமஸ் விருந்தில் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். தட்டு நிரம்பும் முன்பே தின்றும் தீர்த்தீர்கள்.

(மேலே உள்ள கடைசி வாக்கியத்தை நீக்கிவிடலாம் என்று அண்டர்வுட் சொல்கிறார். இருக்கட்டும் என்று நான் சொல்கிறேன்.)

6. மூன்று ஆண்டு காத்திருக்க என்ன கேடு என்று தாங்கள் கேட்கலாம். கேடு இதுதான்: ஐசமின் எசமானர் பண்ணையை விற்றுவிட்டார். அக்டோபர் 2-ஆம் தேதி காலை, தன் ஆட்கள் பதினான்கு பேரையும் நடத்திக்கொண்டு அலபாமாவுக்குப் புறப்படுகிறார். ஐசமும் அதில் ஒருவர். அலபாமா போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

7. ஜூலைக்குப் பிறகு நான் அக்கரை போகவில்லை. ஓடக்காரர் சைலஸ் மூலம் ஐசம் சொல்லி அனுப்பினார்: "என்னடி, இக்கரையில வேற எவனாச்சும் கெடச்சுட்டானா? அவனுக்காவது பல்லு எல்லாம் இருக்கா?" விளையாட்டாகத்தான் கேட்டிருக்கிறார். அவருக்கு முன்பல் இரண்டு கிடையாது. சைலஸ் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன். பிறகு சிப்பிக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். அவர் கேட்ட மறு வாரம்தான் அலபாமா செய்தி வந்தது. அதன் பிறகு அவர் எந்த விளையாட்டும் சொல்லி அனுப்பவில்லை.

8. ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு சொல்லின் திருத்தம். வரும் 18-ஆம் தேதி திங்கட்கிழமை நீதிமன்ற நாள். அன்று நான் நேரில் வந்து நிற்பேன். திரு. ரே அவர்களை என் எதிரே அல்ல, என் பக்கத்தில் வந்து நின்று பார்த்து எழுதும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். கால் மணி நேர வேலை. அடித்தல் அவருக்குப் பிடிக்காதென்றால் புதிய பக்கத்தில் எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உண்மை என் பக்கம் இருப்பதால் தாங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

9. திங்கட்கிழமைக்குப் பிறகு, ஐசம் புறப்படும் முன், இரண்டு சனிக்கிழமைகள் மீதி இருக்கின்றன. அந்த இரண்டு சனிக்கிழமையும் நான் ஓடமேறி அக்கரைக்குப் போவேன். பதிவேடு திருத்தப்பட்டாலும் போவேன், திருத்தப்படாவிட்டாலும் போவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்கூட்டியே மரியாதையாகத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். என் கணவரை வழியனுப்பப் போகிறவள் சுதந்திரமானவளாகத் திரும்பி வருவதா, ஏல மேடையில் ஏறுவதா என்பது ஒன்றுதான் தங்கள் கையில் இருக்கிறது.

நாள்: செப்டம்பர் 11, 1843
இடம்: மார்ஷ்வெல்

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
கெட்டூரா பெட்டிஃபோர்ட்
× (அவள் இட்ட குறி)

எழுதியவரும் சாட்சியும்: ஜேபஸ் அண்டர்வுட்