அடையாளம் உறுதிப்படாத சித்தி

அனுப்புநர்:
நான்காம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியின் சித்தி,
பாடநூல்களுக்குப் பிழை திருத்துபவர்,
தையற்கடைக்கு மேல்மாடி,
பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டோர் பட்டியலில் என் பெயரை மீண்டும் சேர்க்கவும், வாசல் பலகையிலிருந்து என் புகைப்படத்தை எடுக்கவும் உத்தரவிட வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: பள்ளி வாசல் அறிவிப்புப் பலகை, மேலிருந்து இரண்டாவது தாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரும் திங்கட்கிழமை மாலை மூன்றரை மணிக்குள் இது தீர வேண்டும். அன்று முதல் என் அக்காவின் வேலை ஏழு மணிக்குத்தான் முடியும். பள்ளி மூன்றரைக்கு விடும். ஐந்துக்கு வாசலைப் பூட்டுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் அவள் மகளை அழைத்து வர இந்த ஊரில் என்னைத் தவிர ஆளில்லை. எனக்கோ அனுமதியில்லை. நடந்தது பின்வருமாறு.

1. அக்கா மருத்துவமனையில் அறுவை அரங்கச் செவிலியர். வேலை நேரத்தில் அவள் கைபேசி பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். பள்ளிப் படிவத்தில் தந்தை பெயருக்கு எதிரே ஒரு கோடு. அதைப் பற்றி இம்மனுவில் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த வரி ‘இதர’. அதில் நான். மூன்று ஆண்டுகளாகத் தினமும் வாசலில் நின்றது அந்த ‘இதர’தான்.

2. சென்ற பருவத்தில் பள்ளி ஒரு சுற்றறிக்கையில் புதிய விதி கொண்டுவந்தது. அவசரமாகக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தால், அழைக்க வருபவர் தம் குடும்பத்தின் ரகசியச் சொல்லைக் குழந்தையிடம் சொல்ல வேண்டும். சரி என்று குழந்தை தலையாட்டினால்தான் அனுப்புவார்கள். நல்ல விதி. எங்கள் வீட்டில் அது கொஞ்சம் முற்றிவிட்டது. குழந்தையை நாங்கள் ஆபீசர் என்று கூப்பிடுவோம் (தங்களைக் குறிப்பதாகக் கொள்ள வேண்டாம்). ஆபீசர் அந்தச் சொல்லை வாரந்தோறும் மாற்றினாள். ஞாயிறு மாலை, துணி மடிக்கும் நேரத்தில், ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக. ஒரு வாரம் ‘குடைக்கம்பி’. ஒரு வாரம் ‘ஒட்டகச்சிவிங்கி’.

3. இங்கே என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஆபீசர் வீட்டிலும் ஓர் அவசரப் பை தயாரித்திருந்தாள். டார்ச், விசில், தண்ணீர் பாட்டில், முதலுதவித் துணி, பிஸ்கட் இரண்டு பாக்கெட். கதவுக்குப் பின்னால் தொங்கும். அவசரம் எதுவும் இல்லாத ஒரு சனிக்கிழமையன்று, எட்டாம் வகுப்புப் புவியியலைத் திருத்திக்கொண்டிருந்த நான் அந்தப் பிஸ்கட்டைத் தின்றேன். இரண்டு பாக்கெட்டும். டார்ச்சின் பேட்டரி அதற்கு முந்தைய வாரமே சுவர்க்கடிகாரத்துக்குப் போயிருந்தது. அதுவும் நான்தான்.

4. ஞாயிறன்று பையில் ஆய்வு நடந்தது. ஆபீசர் காலிப் பாக்கெட்டுகளை என் மேசையில், புவியியலின் மேல் வைத்தாள். “வெள்ளம் வந்தா என்ன சித்தி சாப்பிடுவோம்? உங்க பேப்பரையா?” நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அன்று மாலை துணி மடிக்கும்போது புதிய சொல் அக்காவின் காதுக்கு மட்டும் போனது. “கோபம் தீர்ற வரைக்கும் சித்திக்குக் கிடையாது” என்று தீர்ப்பாயிற்று. இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். வழக்கமாகத் தீர்ந்துவிடும்.

5. செவ்வாய்க்கிழமை காலை, பள்ளியின் அறிவியல் கூடத்தில் எரிவாயு வாடை வந்திருக்கிறது. நான்கே நிமிடத்தில் எல்லாக் குழந்தைகளையும் மைதானத்தில் வரிசையாக உட்காரவைத்துவிட்டார்கள். மாதந்தோறும் ஒத்திகை பார்த்ததன் பலன். இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

6. எங்களுக்குச் சொல்வதை மட்டும் யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. கைபேசியில் பெற்றோர் குழு என்று ஒன்று இருக்கிறது. அன்று யாரோ இரட்டையருக்குப் பிறந்தநாள். அறுபத்து மூன்று வாழ்த்துகளுக்கு நடுவே 11.10க்குப் பள்ளியின் செய்தி: “குழந்தைகளை உடனடியாக அழைத்துச் செல்லவும்.” காரணம் இல்லை. அதற்கு நேர் கீழே ஒரு தந்தை, மேலே படிக்காமல், “நீடூழி வாழ்க” என்று போட்டிருந்தார். 11.20க்கு வகுப்பாசிரியை குரல்பதிவு ஒன்று அனுப்பினார்: “யாரும் பயப்பட வேண்டாம்.” பின்னணியில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதுவரை யாரும் பயப்படவில்லை. அதற்குப் பிறகுதான் பயந்தோம்.

7. ஓடினேன். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. வாசலில் பெரிய வரிசை. என் முறை வந்ததும் ஆசிரியை குழந்தையைக் கம்பிக் கதவருகே கூட்டிவந்து, “இவங்க யாரும்மா?” என்றார். ஆபீசர் என்னைத் தலை முதல் செருப்புகள் வரை பார்த்தாள். “பார்க்க எங்க சித்தி மாதிரிதான் இருக்காங்க மிஸ். வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்க.”

ஒட்டகச்சிவிங்கி என்றேன். “அது போன வாரம்.” குடைக்கம்பி என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பின்னாலிருந்து ஒருவர், “ஏதாவது பழம் பேரா இருக்கும், யோசிங்கம்மா” என்றார். இன்னொருவர், “சீக்கிரம், நாங்களும் பெத்து வச்சிருக்கோம்” என்றார். மாதுளை என்றேன். காவலாளி அண்ணன் பதிவேட்டை மூடினார். “மூணு தடவை தப்பாச் சொல்லியாச்சு. அவ்வளவுதாம்மா, ஏ.டி.எம். மாதிரி.”

“தினமும் என்னைப் பார்க்கிறீங்களே அண்ணே” என்றேன்.

“பார்க்கிறேன். பார்க்கிறதுக்கு விதி இல்லம்மா. வார்த்தைக்குத்தான் விதி.”

8. நான் வாசலிலேயே நின்றேன். மைதானம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. முதலில் நூற்றுக்கணக்கில் குழந்தைகள். பிறகு முப்பது. பிறகு ஏழு. ஏழில் ஒருத்தி எங்கள் வீட்டுப் பிள்ளை. மரத்தடியில், வேறொரு குழந்தையின் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. வாடை வாசல்வரை வந்ததா, எனக்குள்ளிருந்தே வந்ததா, சொல்லத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தால் ஏதாவது நடந்துவிடும் என்று தோன்றியது. எடுக்கவில்லை. இரண்டரை மணி நேரம்.

9. ஒன்றரை மணிக்கு அறுவை முடிந்து அலமாரியைத் திறந்த அக்கா, பதினான்கு தவறிய அழைப்புகளைப் பார்த்து, தலையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். சொல்லைச் சொன்னாள். ஆபீசர் தலையாட்டினாள். முடிந்தது. வீட்டுக்கு நடக்கும்போது அக்கா என்னிடம், “நீ தின்ன பிஸ்கட்டுக்கு நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து ஓடி வரணுமா?” என்றாள்.

10. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆபீசருக்கு ‘விழிப்புணர்வு மிக்க மாணவி’ என்று சான்றிதழ் தந்தார்கள். அதே நேரத்தில் வாசல் பலகையில் என் படம் ஏறியது. காவலாளி அண்ணன் எடுத்தது, கண் பாதி மூடியிருக்கிறது. கீழே: “அடையாளம் உறுதிப்படாதவர். செருப்புகள் பொருந்தவில்லை.” பட்டியலிலிருந்து பெயரும் போயிற்று. அக்கா கைப்பட எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தலைமையாசிரியை அன்போடு வாங்கிப் படித்துவிட்டு, பாதுகாப்புப் பதிவேட்டில் ஏறியதைத் தாமாக நீக்க முடியாது, கல்வி அலுவலர் எழுத்துமூலம் சொல்ல வேண்டும் என்று திருப்பித் தந்தார். இரண்டு வாரமாக அக்கா கெஞ்சி அனுமதி வாங்கிச் சீக்கிரம் வந்தாள். இனி இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

11. நேற்று, நான் திருத்திக்கொண்டிருந்த தாள்களுக்கு இடையே ஒரு காகிதம் கிடந்தது. பென்சிலில். யாரும் கேட்காமல் எழுதப்பட்டது. முழுவதும் தருகிறேன்:

“அன்னிக்கு வந்தது எங்க சித்திதான். எனக்கு அப்பவே தெரியும். கோவத்துல சொல்லல. அப்பறம் எல்லாரும் போயிட்டாங்க. சித்தி மட்டும் போகல. அப்ப சொல்லிடலாம்னு நெனச்சேன். ஆனா அதுக்குள்ள மிஸ் என்னைக் கெட்டிக்காரின்னு சொல்லிட்டாங்க.”

பிழைகள் உண்டு. நான் திருத்தவில்லை.

12. ஆகவே வேண்டுவன. பட்டியலில் என் பெயர் திரும்ப வேண்டும். படம் இறங்க வேண்டும். இறக்க முடியாதென்றால் கண் திறந்திருக்கும் படமாவது. பெற்றோர் குழுவில் வாழ்த்து தனியாகவும் அவசரம் தனியாகவும் இருக்கட்டும். என்ன நடந்தது என்று ஒரு வரி சொன்னால் போதும், நாங்களே அளவாகப் பயந்துகொள்வோம். அறுவை அரங்க வாசலில் எந்நேரமும் எடுக்கப்படும் தொலைபேசி ஒன்று உண்டு. அந்த எண்ணை எழுதப் படிவத்தில் இடமில்லை, ஒரு வரி சேர்க்கவும். அடுத்த ஒத்திகைக்கு எங்களையும் கூப்பிடவும். வந்து வரிசையில் நிற்கிறோம்.

13. சான்றிதழைக் குழந்தையிடமிருந்து திரும்பப் பெற வேண்டாம். அவள் விதியைத்தான் பின்பற்றினாள். விதியைப் பின்பற்றுபவர் கோபமாக இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

14. திங்கள் மூன்றரைக்கு நான் வாசலில் இருப்பேன். தங்கள் உத்தரவு வந்திருந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். வராவிட்டால் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், அவள் அம்மா வரும்வரை இருவரும் நிற்போம். ஐந்து மணி ஆனாலும் இருவரும் நகர மாட்டோம். பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் உண்டு. அதுவரை வாசலைப் பூட்ட முடியாமல் காவலாளி அண்ணனும் நிற்க வேண்டியிருக்கும். அவருக்கும் வீடு இருக்கிறது. அவருக்காகவாவது விரைந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பள்ளிக்கு எதிரே, நகலெடுக்கும் கடை
நாள்: வியாழக்கிழமை, காலை

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மாணவியின் சித்தி

இணைப்பு: அறிவிப்புப் பலகைத் தாளின் நகல். அக்காவின் கடிதம். பென்சில் காகிதத்தின் நகல் (அசலை நான் வைத்துக்கொள்கிறேன்).