அஞ்செட்டிக்குப் போகும் விதை

ஓசூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஃபெபாவுக்கு,

லாவண்யா எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆபீஸ் மெயிலைப் படிப்பார்கள், போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் ஹைதராபாத்துக்கு ஸ்பீடு போஸ்ட்.

மழை பொய்த்தாலும் தாங்கும் என்று உன் பிஎச்.டி.யில் நீ எழுதிய ராகி ரகத்தை, எங்கள் விதைக் கம்பெனி வரும் புதன்கிழமை அஞ்செட்டிப் பக்கம் நாற்பது குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. அது தாங்காது, ஃபெபா.

வறட்சியைத் தாங்கும் மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை டியூபுலின் மரபணுவோடு ஒப்பிட்டுத்தானே நாம் அளந்தோம்? செடியின் செல்லுக்குள் இழை கட்டும் மரபணு அது, எப்போதும் ஒரே அளவில் வேலை செய்யும் என்று நம்பினோம். ராகியில் டியூபுலின் மரபணு ஒன்றல்ல, பல. நாம் எடுத்தது தண்ணீர் நின்றதும் அடங்கிவிடுகிறது. அதுவும் இந்த ரகத்தில் மற்ற ரகங்களைவிடச் சீக்கிரமாக. அளக்கிற படியே சுருங்கினால் தானியம் கூடினதாகத்தானே தெரியும்? வேறு மரபணுவை வைத்து மூன்று முறை அளந்துவிட்டேன். சாதாரண ராகியைவிட இது ஒன்றும் உசத்தியில்லை. வயலில் போட்டுப் பார்த்த இரண்டு வருடமும் நல்ல மழை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் குருமூர்த்தி சாரிடம் சொன்னேன். வண்டி கெளம்புற நேரத்துல வயித்துல புளியக் கரைக்காதம்மா, ஃபெபா மேடம் எழுதிக் குடுத்தா பாக்கலாம் என்றார்.

அந்த நாற்பது குடும்பத்தில் என் அப்பாவும் ஒருவர். நாலு ஏக்கருக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். விதைக்கென்று வைத்திருந்த பழைய ராகியை அரைத்துக் களி கிண்டியாகிவிட்டது. எம்மவ பாத்த வெத, பழசு எதுக்குடா என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அரைத்துவிட்டார்களாம். ஆனை மேய்ந்துவிட்டுப் போனால் திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி உழுவார். இதற்கு யாரைத் திட்டுவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் பிஎச்.டி.க்காக லேபில் நாம் அளந்த அன்றைக்கு, வேறொரு மரபணுவையும் வைத்துச் சரிபார்த்துவிடலாமா என்று நீ கேட்டாய். வேண்டாம் என்றது நான்தான். தேன்கனிக்கோட்டை போய் அஞ்செட்டிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. நீ மறந்திருப்பாய். எனக்கு இந்த வாரம் முழுக்க வேறு நினைப்பே இல்லை.

உன் பட்டத்துக்கே ஆபத்து என்று தெரிந்தும் கேட்கிறேன். விதையை நிறுத்தச் சொல்லி குருமூர்த்தி சாருக்கு ஒரு வரி அனுப்பு. தப்பு லாவண்யாவுடையது என்றே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்.

சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிப்பாயே, அதில் என் அப்பா பெயரையும் சேர்த்துக்கொள். சென்னப்பன். புதன்கிழமைக்குள்.

உன்
லாவண்யா