முறைக்கொப்பியும் என் வயிற்றெரிச்சலும்

இறக்கக்கண்டி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் மெலனிக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம், அவரின் முழங்கால் வலி மட்டும் குறைந்தபாடில்லை. நோர்வேக் குளிரில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். முதலில் உன்னோடு ஒரு சண்டை. எங்கள் மீனவர் சங்கத்தின் புதுத் தலைவர் வினோதன் போட்ட வீடியோவுக்கு நீ இதயம் போட்டதைப் பார்த்தேன். பதினான்கு வருடமாக அதே சங்கத்தில் செயலாளராய் இருக்கிற அம்மாவுக்கு ஒருநாளாவது போட்டாயா? ஓம், பொறாமைதான், வேறு பெயர் சொல்ல மாட்டேன். அவன் கடற்கரையில் நடந்தால் சனம் பின்னால் போகிறது, நான் போனால் கூட்டத்துக்குக் கூப்பிட வருகிறேன் என்று கதவைச் சாத்துகிறார்கள்.

கரைவலை இழுக்க யாருக்கு எந்த நாள் என்று எழுதியிருக்கும் முறைக்கொப்பி இனி வேண்டாமாம், சனத்தின் மனம் தனக்குத் தெரியுமாம், காலையில் தானே சொல்வானாம். சனம் கைதட்டுகிறது. அவன் கெட்டவனில்லை பிள்ளை, அதுதான் என் எரிச்சலே. ஆனால் அவனுக்கு ஒருநாள் கோபம் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கொப்பியிடம் யாரும் குழையத் தேவையில்லை, எனக்குப் பிடிக்காதவனின் பெயரும் அவன் முறைக்கு அதில் வந்து நிற்கும்.

இனி என் வெட்கக்கேடு. இதற்கு வாக்கெடுக்கும் கூட்டம் நாளை மறுநாள் நடக்க வேண்டியது. ஏழு நாள் முன்னதாக எல்லாருக்கும் அறிவித்தல் கொடுப்பது என் வேலை. கூட்டம் செல்லாமல் போகட்டும் என்று நான் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். நேற்று நபீஸா வந்தா. புருஷன் இல்லாமல் தனியாக வலை நடத்துகிறவ, கொப்பி போனால் அவவுக்குத்தான் முதல் அடி. உங்களுக்காகத்தான் ஒளிச்சு வைச்சனான் என்று பெருமையாய்ச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. அப்ப நீங்களும் தலைவரைப்போல உங்கட எண்ணத்துக்குத்தானே செய்றீங்க என்று சொல்லி, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டா. எனக்கு முகம் செத்துப்போனது.

இன்று காலை வீடு வீடாக அறிவித்தல் கொடுத்தேன், கூட்டம் அடுத்த ஞாயிறு. பிந்தியது என் பிழை என்று வினோதனிடமும் சொன்னேன். பரவாயில்லை அக்கா என்று சிரித்தான், அந்தச் சிரிப்பும் வடிவாய்த்தான் இருக்கிறது, நாசமாய்ப் போக. அவன் வெல்வான் போலத்தான் தெரிகிறது.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கட்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே. மறக்காமல் அடுத்த ஞாயிறு எனக்காக ஒரு செபமாலை சொல்லு. தூக்கிய கைகளை எண்ணப்போவது நான், அவனுக்காகத் தூக்கிய ஒரு கையையும் விடாமல் எண்ண எனக்கு மனம் வரவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா அருள்மலர்