சுவருக்குப் போன கிற்றார்

ஓகஸ்ட் 17, இரவு

எங்கள் இசைக்குழுவின் எலெக்ட்ரிக் கிற்றாரை இன்று கனடாவிலிருந்து வந்தவன் கொண்டுபோய்விட்டான். கனடாக்காரனுடைய அப்பா அந்தக் காலத்தில் எங்கள் குழுவில் வாசித்தவர்; துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரன் ஒருவனிடம் அவர் வாங்கிய ஜப்பான் கிற்றார் அது. முழுப் பலகையில் செய்தது. மாட்டினால் தோள் கடுக்கும். அவர் கனடா போகும்போது குழுவிடம் விட்டுப்போனார். எட்டு வருடமாகக் கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றிலும் நான்தான் வாசித்தேன்.

பெயின்ற் தேய்ந்து மரம் தெரிந்த இடத்தை அவன் தடவினான். மனைவியிடம், "அப்பா எவ்வளவு வாசிச்சிருக்கிறார், பாருமன்" என்றான்.

தேய்த்தது என் கை.

"நீங்க வாசிப்பீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஏலாது தம்பி. வீட்டு ஹோல் சுவரில அழகுக்கு மாட்டப்போறன். இப்பிடிப் பழசுக்கு அங்க ஆக்கள் அலையினம்."

சுருதி கூட்டத் தெரியாதவனுக்குப் பிறப்பே உரிமை கொடுக்கிறது. வாசித்தவனுக்கு ஒரு 'தாங்ஸ்'.

எங்கள் குழுவில் வாசிப்பவன்தான் தன் காசில் தந்தி வாங்கிப் போட வேண்டும். ஆறு தந்தியையும் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தேன்.

"ஏன் கழட்டுறீர்?"

"சுவருக்கு என்னத்துக்கு அண்ணை தந்தி?"

புதன்கிழமை உப்புவெளியில் கல்யாணக் கச்சேரி. தந்தி இருக்கிறது. கிற்றார் இல்லை.