ஃபிரானே மாமாவின் திட்டு

செப்டம்பர் 12, வியாழன்

எட்டாவது படகிலும் என் ஆராய்ச்சிப் பெட்டி மாட்டியாகிவிட்டது. கை முழுக்க கிரீஸ்.

"புது ஆப், கீப்புன்னு எதையும் என் போன்ல போடாதே. நான் தினம் பார்க்கிற வானிலைப் பக்கம் கடல்ல தெறக்கணும், அவ்வளவுதான்" என்று ஃபிரானே மாமா கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவின் அண்ணன். துறைமுகத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சரி, பக்கம் பழையது, பாதைதான் புதியது. அந்தப் பக்கத்தில் கடல் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். போன் வழக்கம்போல் இணைய முகவரியைக் கேட்கும். பெட்டி அதை மாற்றி, 'இந்தக் கடல் கட்டத்தின் காற்று வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா?' என்று அக்கம்பக்கத்துப் படகுகளைக் கேட்கும். ஒரு படகு பார்த்த கட்டத்தின் பிரதி அதன் பெட்டியிலேயே தங்கிவிடும்; எந்தப் படகில் பிரதி இருந்தாலும் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் படகு படகாகத் தாண்டிக் கரை வரை போய் வரும்.

தீவுக்குப் பின்னால் சிக்னலும் இல்லை, கரை ரேடியோவும் எட்டாது. குன்று மறைக்கிறது. போன குளிர்காலம் யூகோ என்ற தெற்குப் புயல்காற்றின் எச்சரிக்கை தெரியாமல் மாமா அங்கே மாட்டிக்கொண்டார். அத்தையும் நானும் மழையில் படகுத்துறையிலேயே நின்றோம். இன்னொரு முறை அப்படி நிற்க என்னால் முடியாது.

செப்டம்பர் 20

தெறக்குது! எட்டுப் படகிலும் தெறக்குது!

அக்டோபர் 3, வியாழன்

மாமா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் போட்டார். ஒயர் அறுந்து தொங்குகிறது.

"முப்பது வருஷமா என் பெண்டாட்டிக்கே சொல்லாத மீன் திட்டுடீ அது! இன்னைக்குப் போறேன், ஸ்வொன்கோ வலை விரிச்சு உக்காந்திருக்கான்!"

ஸ்வொன்கோ எட்டுப் படகுக்காரர்களில் ஒருவன், கடலில் பாட்டுக் கேட்பதற்காக ரேடியோவையே அணைத்து வைக்கிற ஆள். மூளை மட்டும் அணையாது. நேரே போய்க் கேட்டேன். சிரிக்கிறான்.

"உங்க மாமா படகு பக்கத்துல வந்தப்ப ஒவ்வொரு கட்டமா தெறந்தேன், தங்கச்சி. எல்லாம் ஆமை மாதிரி வந்துச்சு. ஒண்ணு மட்டும் டக்குனு தெறந்துச்சு. அப்போ அதை அவரு பார்த்திருக்காருன்னுதானே அர்த்தம்? இதுக்கெல்லாம் காலேஜ் படிக்கணுமா?"

மீனவர்கள் சாகும்போதுகூட இடத்தைச் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரில் பிறந்த எனக்கு இது ஏன் உறைக்கவில்லை? யார் கேட்டது என்று பெட்டி சொல்லாது, அதனால் ரகசியம் பத்திரம் என்று பல்கலைக்கழக மேடையில் பேசியவள் நான்தான். யார் கேட்டது என்று சொல்லவில்லை. என்ன கேட்டார்கள் என்று சொல்லிவிட்டது. கடலில் இரண்டும் ஒன்றுதானே.

அக்டோபர் 5

மற்ற ஏழு பேரும் கழற்றிவிட்டார்கள். ஸ்ப்ளிட் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து என் பேராசிரியர் போன் செய்தார். "டிங்கா, படகே இல்லாம என்ன பரிசோதனை? மாசக் கடைசிக்குள்ள அவங்க மாட்டிக்கலைன்னா பெட்டிகளைத் திருப்பிக் கொண்டாந்துடு."

கொண்டு போக மாட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

வழி இருக்கிறது. முட்டாள்தனமாகத் தெரிகிற வழி. கரையை விட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொரு பெட்டியும் மொத்தக் கடலின் எல்லாக் கட்டங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். யாரும் யாரையும் கேட்கவே வேண்டாம். பிறகு வரும் எச்சரிக்கையைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எட்டுகிற தூரத்தில் இருக்கிற எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே போகட்டும். போனுக்கு எதுவும் தெரியாது, அதே பழைய பக்கம்தான்.

"எல்லாத்தையும் எல்லாருக்கும் கொடுத்தா நம்ம ஆராய்ச்சியில மிச்சம் என்ன இருக்கு? எவ்வளவு வீண்!" என்றார் பேராசிரியர்.

"வீணாகட்டும் மேடம். வரைபடம் படகுல இருக்கும்ல" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பரவாயில்லை.

அக்டோபர் 19, சனி

திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்தேன். எல்லார் முன்னாலும் ஸ்வொன்கோவிடம் சொன்னேன்: "மாமா இன்னைக்கு எந்தக் கட்டத்தைப் பார்த்தாருன்னு கண்டுபிடிங்கண்ணே. கண்டுபிடிச்சா எல்லாப் பெட்டியையும் நானே கடல்ல போட்டுடறேன்."

இந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று இரண்டு படகிலும் மாற்றுப் பெட்டி வைத்தேன். இரண்டும் தீவுக்குப் பின்னால் போய் வந்தன. ஸ்வொன்கோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினான். "எல்லாமே டக்கு டக்குனு தெறக்குது. ஒரு எழவும் புரியல."

மாமா அவன் பக்கம் திரும்பவேயில்லை. என்னிடம் மட்டும், "என் பெட்டியோட அறுந்த ஒயரை ஒட்டிக் கொடு" என்றார். அவர் மாட்டியதும் மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

மத்தியானமே யூகோ. கடல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒவ்வொரு படகாக வந்து சேர்ந்தது. ஆறு. அதோடு சரி. மாமாவும் இல்லை, ஸ்வொன்கோவும் இல்லை. கடவுளே, அந்தப் பெட்டி வேலை செய்ததா இல்லையா? அத்தை என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. போன வருஷம் மாதிரியே மறுபடியும் நின்றேன்.

இருட்டும் முன் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஸ்வொன்கோதான் சொன்னான். "நான் ரொம்ப வெளிக்கடல்ல இருந்தேன், ரேடியோவையும் அணைச்சு வெச்சிருந்தேன். என் பெட்டிக்கு எதுவும் எட்டல. உங்க மாமா கரைக்குத்தான் போயிட்டிருந்தாரு, திடீர்னு படகைத் திருப்பி என்னைப் பார்த்து வர்றாரு. வலையை அறுக்கத்தான் வர்றாருன்னு நெனச்சேன். கிட்ட வந்து ஒரு வட்டம் அடிச்சாரு. கையைக்கூடத் தூக்கல. திரும்பிட்டாரு. போனைப் பார்த்தா, அவரு பெட்டியிலேருந்து எச்சரிக்கை வந்து நிக்குது."

மாமாவிடம் கேட்டேன். "டீசல்தான் வீணாச்சு" என்று வலையை உதறிக்கொண்டிருந்தார்.

அழுதுவிட்டேன். இதை எந்த அறிக்கையில் எழுதுவது?

நவம்பர் 16, சனி

காற்று அடங்கியது. விடியலில் படகுகள் கிளம்பின. மாமா தெற்கே, தன் திட்டுக்குப் போனார். பின்னால் போன ஸ்வொன்கோ, இடம் தெரிந்திருந்தும், முனை தாண்டியதும் வடக்கே திருப்பிக்கொண்டான். அங்கே இந்த மாதம் மீனே கிடையாது.